சட்டகத்தில் அந்நியப் பொருள்

கேமரா வாங்குவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று பவுல்ராஜுக்குச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் பவுல்ராஜின் மனைவி. ஆகவே பவுல்ராஜ் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைக் கவனிக்கும் வேலை அவருக்கு. பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல்கணக்கில் ஓடும் பெல்ட்டில் ஓர் உருளை கிறீச்சிட்டால்கூட, கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கேட்காமல் வைத்த கைகள் என்ன ஆயின என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே காட்டிவிட்டார்கள். அந்தப் பாடம் எலும்பு வரை இறங்கி, ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகும் அவரோடு வீட்டுக்கு வந்தது. கம்பெனி குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று ஒருதரம் நகரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை சந்தித்திராத எழுத்தர், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. ஆகவே அந்த வீட்டில் ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்த பைபிள் வசனப் படம் அலமாரியின் மேல் சாய்ந்து நின்றது.

கல்யாண ஆல்பம் தனியாக ஒரு கதை. 'தானே' புயல் அடித்த ராத்திரி முந்திரிக் கிளை ஒன்று ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வர, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, காலையில் ஆல்பம் ஒரு செங்கல்லாக வெளியே வந்தது. பக்கங்களைப் பிரித்தால் முகங்கள் இரண்டு பக்கத்திலும் பாதிப் பாதி ஒட்டிக்கொண்டன. அதற்கு அடுத்த வருஷம்தான் மஸ்கட்டில் நர்ஸாக இருந்த மகள் லிடியா பணம் அனுப்பினாள்.

"அப்பா, பையில போடற மாதிரி சின்னதா நல்ல கேமரா ஒண்ணு வாங்குங்க. அம்மாவ தெனம் ஒரு போட்டோ எடுத்து மெயில்ல போடுங்க. பட்டுப்பொடவ கட்டி நிக்கவெச்செல்லாம் எடுக்காதீங்க. சும்மா கீரை ஆஞ்சிக்கினு இருக்கறது, தூங்கறது, உங்களத் திட்டறது."

"திட்டறத எடுக்க ஆரம்பிச்சா பேட்டரி நிக்காதும்மா" என்றார் பவுல்ராஜ்.

அவர் மனைவி அன்னாளின் இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வந்தது. மகள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்களும் பேசவில்லை. மூவரும் கேமராவைப் பற்றியே பேசினார்கள்.

"ஏங்க, நாளைக்கிப் பஸ் ஏறிக் கடலூர் போயி, கடையில கேட்டு ஒண்ணு வாங்கிக்கினு வந்துருங்களேன்" என்றாள் அன்னாள்.

"கேக்காம கொள்ளாம எப்படி வாங்கறது? மன்றத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கிருவோம்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் கேட்டார்.

நகரிய ஒளிப்படக் கலை மன்றம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். நகரியத்தில் கேமராவைப் பற்றி மிக அதிகம் தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். போட்டோ எடுப்பவர்கள் அங்கே குறைவு. எடுப்பது கருவியைத் தேய்மானத்துக்கு உள்ளாக்கும் என்ற கருத்து மன்றத்தில் வலுவாக நிலவியது. மன்றத்துக்குச் சொந்தமான கேமராக்கள் ஓர் இரும்பு அலமாரியில் ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கு நடுவே உறங்கின. ஆயுதபூஜை அன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஒரு வருஷம் பொட்டு, லென்ஸின் நடுமத்தியில் விழுந்துவிட்டது. அதைத் துடைப்பது அபசாரமா, துடைக்காமலிருப்பது அபசாரமா என்று முடிவாகாததால் அந்த லென்ஸ் அப்படியே இருந்தது.

அறையின் மூலையில் ஒரு கொசுவலை கட்டியிருந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார் பவுல்ராஜ். நிலக்கரித் தூசி சென்சாரில் படாமலிருக்க, லென்ஸ் மாற்றுகிறவர் அந்த வலைக்குள் போய் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

தலைவர் செந்தில்நாதன், சுரங்கத்தில் பெரிய அதிகாரி. செயலாளர் மாடசாமி கணக்குப் பிரிவு, திருநெல்வேலிக்காரர். கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும்.

"சொல்லுங்க பவுல்ராஜ். உங்க பர்ப்பஸ் என்ன?"

"சம்சாரத்தப் போட்டோ எடுக்கணும் சார்."

"அது பர்ப்பஸ் இல்ல. அது ஆசை" என்றார் தலைவர் கனிவாக. "வனவிலங்கு, இயற்கைக் காட்சி, உருவப்படம், நுண்படம், விளையாட்டு. இதுல எது?"

"கீரை ஆயறதுங்க."

மாடசாமி நிமிர்ந்தார். "கீரையா, ஆயுற ஆளா அண்ணாச்சி? எது மெயின்? கீரைன்னா நுண்படம். ஆளுன்னா உருவப்படம். கை ஆடுதுல்லா, அப்ப விளையாட்டுப் பிரிவுலயும் ஒரு கால் வருது."

"தூங்கும்போதும் எடுக்கணும்னு பொண்ணு சொல்லிச்சு."

"அப்ப குறைஞ்ச வெளிச்சம். சிக்கலாக்குதீரே."

"தினசரி வாழ்க்கைன்னு ஒரு பிரிவு இல்லைங்களா சார்?"

"அதுக்குப் போட்டி கிடையாது. பரிசு கிடையாது. அப்புறம் அது எப்படிப் பிரிவாகும்?" என்றார் தலைவர். அன்றைய குறிப்பில் பவுல்ராஜின் மனைவி 'பகுக்கப்படாத பொருள்' என்று பதிவானாள்.

மன்றம் அவரைக் கைவிடவில்லை. புது ரகக் கேமராக்கள் இரண்டை அது வாங்கி வைத்திருந்தது. உள்ளேயிருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால் உடம்பு சிறுத்துப்போன ரகம். கறுப்பு ஒன்று, வெள்ளி ஒன்று. கறுப்பில் சென்சார் சின்னது, லென்ஸும் சின்னது, சட்டைப் பையில் அடங்கும். வெள்ளியில் சென்சார் பெரியது, லென்ஸ் பால் சொம்பு கணக்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கறுப்பை ஆதரித்தவர்களும் வெள்ளியை ஆதரித்தவர்களும் வேறு வேறு பிளாஸ்க்கில் டீ குடித்தார்கள். இரண்டில் எது என்று ஒரு சாதாரண மனிதனை முன்வைத்துத் தீர்மானிக்கக் கடவுளே பவுல்ராஜை அனுப்பியிருப்பதாகத் தலைவர் சொன்னார். பவுல்ராஜுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை அவர் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்துக்கொண்டார். பெருமையாக இருந்தது.

"கண்ணாடிய எடுத்துட்டானாம், அதுக்கு முன்னவிடத் துட்டு அதிகமா?" என்று அன்னாள் கேட்டாள். "என் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கினு எதனா குறைச்சிக் குடுப்பானா பாருங்க."

சோதனை முறையை மாடசாமி விளக்கினார். செய்தித்தாளை முழுதாக விரித்துச் சுவரில் சப்பையாக ஒட்ட வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்தி நேராக எடுக்க வேண்டும். பிறகு பெரிதாக அச்சிட்டு, நான்கு மூலையிலும் எழுத்து படிக்க முடிகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும்.

"நடுவுல பாக்க மாட்டீங்களா சார்?"

"நடு எல்லா லென்ஸுலயும் நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. அதை யாரு பாப்பா? லென்ஸோட யோக்கியதை மூலையிலதான்."

அச்சிட்டதும் மெமரி கார்டை மன்றமே அழித்துவிடும். முந்தைய சோதனையின் தாக்கம் அடுத்ததில் வரக்கூடாது என்பதற்காக. அது எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு, அகல லென்ஸ் பூட்டிய கறுப்புக் கேமராவோடு பவுல்ராஜ் வீட்டுக்கு வந்தார். செல்லோடேப் சுண்ணாம்பில் நிற்கவில்லை. பேப்பர் ஒட்டிய கையோடு உதிர்ந்தது. ஆணியோ அடிக்க முடியாது.

"நவுருங்க, நான் புடிச்சிக்கறேன்" என்று அன்னாள் சுவரோரம் நின்று, இரண்டு கையாலும் பேப்பரைத் தலை மறையத் தூக்கி விரித்தாள். குள்ளமான பெண். குதிகாலை எக்கி நின்றாள். பேப்பருக்குப் பின்னால் அவள் மறைந்துபோனாள்.

"தொங்கவுடாத. இழுத்துப் புடி."

"புடிச்சிக்கினுதான இருக்கறேன்."

"ஆடுது பாரு. மூல மங்கிப்போவும்."

"சிலுவையில நிக்கறாப்பல இருக்குதுங்க. அவராவது மூணாம் நாள் எழுந்துட்டாரு, உங்க சோதன மூணு மாசம் ஓடும்போல."

"பேசாத. மூச்சு வுட்டா பேப்பர் அசையுது."

அவள் மூச்சை அடக்கினாள். பவுல்ராஜ் திரையில் மூலைகளைப் பார்த்தார். மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. அழுத்தினார். கையை இறக்கியதும் அன்னாள் தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு என்னை எடுக்கச் சொன்னாளா, பேப்பர எடுக்கச் சொன்னாளா?" என்றாள்.

"மொதல்ல லென்ஸு தேறட்டும். அப்புறம் உன்னைத்தான."

முடிவை அடுத்த கூட்டத்தில் மாடசாமி எழுந்து நின்று படித்தார். "மேல் மூலைகள் திருப்தி. கீழ் மூலைகள் சுமார். எனினும் படத்தில் சோதனைக்குத் தொடர்பில்லாத அந்நியப் பொருள்கள் காணப்படுகின்றன. இரு ஓரங்களிலும் மனித விரல்கள். கண்ணாடி வளையல். கீழே ஒரு பாதத்தின் முன்பகுதி. மேல் விளிம்பில் தலைமுடி மற்றும் ஒரு கண். சட்டகத்தில் அந்நியப் பொருள் இருப்பதால் இப்படம் நிராகரிக்கப்படுகிறது."

எல்லாரும் பவுல்ராஜைப் பார்த்தார்கள். பெல்ட்டுக்குள் கல்லைப் போட்டவனைப் பார்ப்பதுபோல.

"அகல லென்ஸ்ல இதான் பிரச்சினை" என்றார் தலைவர். "வேண்டாததெல்லாம் உள்ள வந்துரும். கலைங்கிறது என்ன பவுல்ராஜ்? எதை விடணும்னு தெரியறது. நான் கொடைக்கானல் போனப்ப என் மிசஸை நிக்கவெச்சு ஏரியை எடுத்தேன். அப்புறம் பாத்தா ஏரி நல்லா இருக்கு, அவங்கதான் மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வெட்டிட்டேன். இன்னைக்கு அந்தப் படம் கெஸ்ட் ஹவுஸ் ஹால்ல மாட்டியிருக்கு."

கைதட்டினார்கள். பவுல்ராஜும் தட்டினார்.

நிராகரிக்கப்பட்ட படம் மன்றத்தின் அலமாரிக்குள் போயிற்று. பவுல்ராஜ் வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து, சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாததுமாகக் கத்தினார். "எதுக்கு நீ எட்டிப் பாத்த? நாலு பேரு முன்னாடி மானம் போச்சு. தலைய உள்ள வெச்சிக்க முடியாதா?"

"நீங்க இன்னா பண்றீங்கன்னு பாத்தேன்" என்றாள் அன்னாள். "ஒத்தக் கண்ண மூடிக்கினு, வாயக் கோணிக்கினு நின்னீங்க. சிரிப்பு வந்துது."

"சிரிக்கறதுக்கா குடுத்தாங்க கேமராவ?"

அவள் கீரை ஆயப் போய்விட்டாள். ஜன்னல் வெளிச்சம் அவள் தோளில் விழுந்தது. கறுப்புக் கேமரா மேசைமேல் இருந்தது, அடுத்த சோதனைக்கான லென்ஸோடு. அதில் கீரை ஆய்வதை எடுக்கலாமா என்று பவுல்ராஜுக்கு ஒரு நொடி தோன்றியது. கேட்காமல் எடுக்கக் கூடாது என்றும் தோன்றியது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் வெள்ளிக் கேமரா வந்தது, ஜூம் வந்தது, அடை தட்டியதுபோல் தட்டையான லென்ஸ் வந்தது. கறுப்புக் கட்சி முக்காலி கோணல் என்றது. வெள்ளிக் கட்சி பேப்பரில் அச்சே மங்கல் என்றது. ஆங்கிலப் பத்திரிகையில்தான் எழுத்து நேர்கோடாக இருக்கிறது, தமிழ் எழுத்தின் வளைவு லென்ஸின் வளைவை மறைத்துவிடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். எல்லாச் சோதனையும் ஆங்கிலத்தில் மறுபடி நடந்தது. மஸ்கட்டிலிருந்து மகள் கேட்கும்போதெல்லாம், "கமிட்டியில இருக்குதும்மா" என்றார் பவுல்ராஜ். ஒவ்வொரு தடவையும் அன்னாள் பேப்பரைப் பிடித்தாள். நடுவில் கையை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. "மாரு பாரமா இருக்குதுங்க, செத்த நேரம்" என்பாள். வெளிச்சம் போகிறதே என்று அவர் வானத்தைப் பார்ப்பார்.

கடைசியாக எடுத்தது தட்டை லென்ஸில். அன்னாள் வளையலைக் கழற்றி வைத்திருந்தாள். பேப்பரை விரலால் பிடிக்காமல், பின்பக்கம் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, உடம்பைக் குறுக்கிச் சுவரோடு சுவராக நின்றாள். அச்சிட்ட படத்தைக் கொண்டுவந்து பவுல்ராஜ் சந்தோஷமாகக் காட்டினார்.

"இந்தத் தடவ நீ கொஞ்சங்கூடத் தெரியல!"

"அப்பாடா" என்றாள் அன்னாள்.

அந்த வாரம், அவர் பகல் ஷிப்டில் இருந்தபோது, அடுப்படியில் விழுந்துவிட்டாள். கன்ட்ரோல் ரூமுக்குத்தான் செய்தி வந்தது. போனில் அதைச் சொன்னபோதும் அவர் பெல்ட்டை நிறுத்தலாமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க போங்க, பெல்ட்ட நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். அவர் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வாசலிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

லிடியா வந்து, அடக்கம் எல்லாம் முடிந்த பிறகு, மன்றத்தின் சார்பில் தலைவரும் செயலாளரும் மாலையோடு வந்தார்கள்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு" என்றார் தலைவர். "மன்றத்தோட ஆராய்ச்சிக்கு அம்மா குடுத்த ஒத்துழைப்பை நாங்க மறக்க மாட்டோம். அவங்க போட்டோ ஒண்ணு குடுங்க. பெருசு பண்ணி பிரேம் போட்டுத் தர்றோம். எங்க கடமை."

பவுல்ராஜ் ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் ஒட்டியிருந்தது. முத்திரை பாதி முகத்தில் விழுந்திருந்தது.

மாடசாமி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இதைப் பெருசு பண்ணா புள்ளி புள்ளியாப் போயிரும் அண்ணாச்சி. வேற?"

வேறு என்று வீட்டில் இருந்தது ஒன்றுதான். மன்றம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்த கடைசிச் சோதனைப் படம். பவுல்ராஜ் அதை எடுத்து நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. மாடசாமியின் முகம் மலர்ந்தது. துக்க வீடு என்பது அவருக்கு ஒரு கணம் மறந்துவிட்டது. "சார், பாருங்க! நாலு மூலையும் கத்தி மாதிரி! ஒரு தூசு தும்பு இல்ல!"

"சுத்தமான படம்" என்றார் தலைவர்.

லிடியா அதை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "இதுல அம்மா எங்கப்பா?"

"பின்னாடி" என்றார் பவுல்ராஜ். "பேப்பருக்குப் பின்னாடி நிக்கறா."

 தலைவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "ஒரு ஆறுதலான செய்தி இருக்கு பவுல்ராஜ். உங்க விஷயம் முடிவாயிடுச்சு. இரண்டு கட்சியும் ஒத்துப்போச்சு. சாதாரண உபயோகத்துக்குக் கறுப்பும் வாங்கலாம், வெள்ளியும் வாங்கலாம். எந்த லென்ஸும் போதும். தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருக்கு."

"எதுவும் வாங்கலாமா சார்?"

"எதுவும் வாங்கலாம்."

"உங்களைக் கேக்காம மொதல்லயே வாங்கியிருந்தாலும்..."

"தாராளமா வாங்கியிருக்கலாமே!" தலைவர் ஆச்சரியப்பட்டார். "நாங்க என்ன போலீஸா? கலை ஆர்வலர்கள். கடைக்காரன் எங்க தீர்மானத்தைக் காட்டுன்னா கேக்கப்போறான்? ஏன், நீங்க அப்படியா நினைச்சிக்கிட்டிருந்தீங்க?"

மாடசாமி ஈரம் உறிஞ்சும் மணிகள் ஒரு பொட்டலம் கொடுத்தார். வாங்கப்போகும் கேமராவுக்கு.

அவர்கள் போனதும் பவுல்ராஜ் சைக்கிளை எடுத்தார். மன்றத்தின் கதவு திறந்திருந்தது, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். யாரையும் அவர் எதுவும் கேட்கவில்லை. அலமாரிச் சாவி சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. இவ்வளவு நாளாக அதே இடத்தில்தான் தொங்கியது. அந்த ஆணியை அடிக்க இவர்கள் யாரைக் கேட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அலமாரியைத் திறந்து, நிராகரிக்கப்பட்டவற்றின் அடியிலிருந்து முதல் ஞாயிற்றுப் படத்தை உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

அடுப்படி மேசையில் வைத்து அப்பாவும் மகளும் அதைப் பார்த்தார்கள். விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை கீறிய தழும்புகூடத் தெரிந்தது. முழங்கைப் பக்கம் வழிந்திருந்த வளையல் இருந்தது. எக்கி நின்ற பாதத்தில் மிஞ்சி இருந்தது. பேப்பருக்கு மேலே கலைந்த முடியும், புருவமும், ஒரு கண்ணும். மன்றம் எழுதியது சரிதான், ஒரு கண்தான். ஆனால் அது சிரித்துக்கொண்டிருந்தது. அதை அறிக்கையில் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கண் நேராகக் கேமராவுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தது. அவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறாங்கப்பா" என்றாள் லிடியா.

"என்னைப் பாத்துதான்" என்றார் பவுல்ராஜ். "அதுக்குத்தான் அன்னிக்குத் திட்டினேன்."

அவர் எழுந்து கலியம்மாள் வீட்டில் சுத்தியலும் ஓர் ஆணியும் வாங்கி வந்தார். அன்னாள் பேப்பரைப் பிடித்து நின்ற இடத்திலேயே, அவள் கை எட்டிய உயரத்தில் படத்தை வைத்து, அதன் மேல் விளிம்பில் ஆணியைப் பொருத்தினார்.  வெளியே யாராவது வந்து கேட்பார்களோ என்று பழக்கம் விடாமல் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பினார். யாரும் வரவில்லை.

பலமாகத்தான் அடிக்க வேண்டியிருக்கும் என்று ஓங்கினார். ஒரே அடி. ஆணி தலை வரை இறங்கிவிட்டது. அவ்வளவு மெத்தென்ற சுவர்.